காலிக் கப்பலில் துண்டு போட்டவர்கள்

1872 டிசம்பர் 4. அட்லாண்டிக் கடலில், அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவே, பெட்ரோலியம் ஏற்றிக்கொண்டு ‘டெய் கிராசியா’ என்ற பாய்மரக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் டேவிட் மோர்ஹவுஸ். எதிரே இன்னொரு பாய்மரக் கப்பல் தெரிந்தது. அதன் நடையே சரியில்லை. இரண்டு பாய்களைக் காற்று கொண்டுபோயிருந்தது. மிச்சத்தில் சில மட்டும் விரிந்திருந்தன. காற்று அடித்த பக்கமெல்லாம் கப்பல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. சைகை காட்டிப் பார்த்தார்கள், பதில் இல்லை. கிட்டே போய்ப் பெயரைப் படித்தார்கள்: ‘மேரி செலஸ்ட்’.

துணை கேப்டன் ஆலிவர் டெவோவும் ஜான் ரைட் என்பவரும் படகில் போய் அந்தக் கப்பலில் ஏறினார்கள். ஈ காக்கை இல்லை. நடுக்கடலில் காக்கை இல்லாதது சகஜம். ஆள் இல்லாததுதான் இடித்தது.

டெவோ நிதானமான ஆசாமி. பேய் பிசாசு என்று அலறாமல் கப்பலைச் சுற்றிவந்து கணக்கெடுத்தார். அடித்தளத்தில் மூன்றரை அடித் தண்ணீர். அந்த அளவுக் கப்பலுக்கு இது பயப்படும்படியான சங்கதி இல்லை. தண்ணீர் அளக்கும் கோல் மேல்தளத்திலேயே கிடந்தது. ஒரு பம்ப் கழற்றிப் போடப்பட்டிருந்தது. திசைகாட்டிப் பெட்டி இடம் பெயர்ந்து கண்ணாடி உடைந்திருந்தது. இருந்த ஒரே சின்னப் படகைக் காணோம். கப்பலின் காகிதங்கள், நேரமும் இடமும் கணிக்கும் கருவிகள், இவையும் காணோம். ஆனால் ஆறு மாதத்துக்குச் சாப்பாட்டுச் சாமான் பத்திரமாக இருந்தது. மழைக்கோட்டுகளும் புகைக்குழாய்களும் அப்படியே கிடந்தன. பெண்டாட்டியின் போட்டோவைக்கூட மறந்துவிட்டுப் போவான் மாலுமி, புகைக்குழாயை விட்டுவிட்டுப் போகமாட்டான். அப்படியென்றால் அடித்துப்பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கேப்டனின் அறையில் படுக்கை நனைந்து கலைந்து கிடந்தது. அதில் ஒரு குழந்தை படுத்திருந்த பள்ளம் தெரிந்தது என்று டெவோ பின்னால் கோர்ட்டில் சாட்சி சொன்னார்.

நடந்தது இவ்வளவுதான். இந்தக் கதையில் நிச்சயமாகத் தெரிந்ததும் இவ்வளவுதான். மேற்கொண்டு வந்ததெல்லாம் கரையில் உட்கார்ந்திருந்தவர்களின் கைங்கரியம். டவுன் பஸ்ஸில் ஒரு சீட் காலியாக இருந்தால் ஜன்னல் வழியாகத் துண்டு விழும். மேரி செலஸ்ட்டில் பத்து பேருடைய இடம் ஒரே நாளில் காலியானது. ஒன்றரை நூற்றாண்டாகத் துண்டு விழுந்துகொண்டே இருக்கிறது.

காணாமல் போன பத்து பேர் யார்? கேப்டன் பெஞ்சமின் பிரிக்ஸ். குடிப்பழக்கம் இல்லாத, பைபிளும் கையுமாக இருந்த மனிதர். விதியைப் பாருங்கள், அவர் கப்பலில் ஏற்றியிருந்த சரக்கு 1,701 பீப்பாய் எரிசாராயம். நியூயார்க்கிலிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்கு. கூடவே மனைவி சாரா, இரண்டு வயது மகள் சோபியா. ஏழு வயது மகன் ஆர்தரைப் படிப்பு கெடக் கூடாது என்று பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்தால் ஒருவன் உயிர் பிழைத்தான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய அபூர்வ வழக்கு இது. இவர்களைத் தவிர ஏழு சிப்பந்திகள், அதில் நாலு பேர் ஜெர்மானியர். நவம்பர் 7-ம் தேதி நியூயார்க்கை விட்டுக் கிளம்பினார்கள். நவம்பர் 25 காலை 8 மணிக்குக் குறிப்புப் பலகையில் கடைசி வரி. அப்போது கப்பல் அசோர்ஸின் சாந்தா மரியா தீவுக்குப் பக்கத்தில் இருந்தது. பிறகு ஒன்பது நாள், ஓட்ட ஆளில்லாமல், ஏறக்குறைய போகவேண்டிய திசையிலேயே போயிருக்கிறது. ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தும் தரைதட்டும் கப்பல்களுக்கு மத்தியில் இது ஒரு சாதனைதான்.

கப்பலின் ஜாதகத்தையும் பார்த்துவிடுவோம். 1861-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ‘அமேசான்’ என்ற பெயரில் கடலில் இறங்கியது. முதல் பயணத்திலேயே முதல் கேப்டன் நோயில் விழுந்து இறந்துபோனார். 1867-ல் கரையில் மோதி ஒதுங்கி, உடைசலாக ஏலம் போனது. அமெரிக்கர்கள் வாங்கி, பழுதுபார்த்து, பெயரையும் மாற்றினார்கள். பெயர் மாற்றினால் யோகம் வரும் என்று அவர்களுக்கு எந்த நியூமராலஜிஸ்ட் சொன்னாரோ தெரியாது. காசைத் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

இப்போது மோர்ஹவுஸின் நிலைமை. கடல் சட்டப்படி, கைவிடப்பட்ட கப்பலைக் கரை சேர்ப்பவருக்கு அதன் மதிப்பில் ஒரு பங்கு உண்டு. அவரிடம் மொத்தமே எட்டு பேர். டெவோவையும் இரண்டு மாலுமிகளையும் மேரி செலஸ்ட்டில் ஏற்றிவிட்டார். மூன்று பேர் ஒரு கப்பல், ஐந்து பேர் ஒரு கப்பல் என்று டிசம்பர் மாத அட்லாண்டிக்கில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டையும் ஜிப்ரால்டருக்கு ஓட்டினார்கள். மேரி செலஸ்ட் துறைமுகம் சேர்ந்தது டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. நமக்கு வெள்ளிக்கிழமை மங்களகரம். வெள்ளைக்காரனுக்கு வெள்ளியும் ஆகாது, 13-ம் ஆகாது. வந்து சேர்ந்த கையோடு கோர்ட் ஆட்கள் கப்பலை ஜப்தி செய்தார்கள். ஓட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு ஒரு டம்ளர் வெந்நீர்கூட யாரும் நீட்டியதாகக் குறிப்பு இல்லை.

முதல் துண்டைப் போட்டவர் ஜிப்ரால்டர் அட்டர்னி ஜெனரல் ஃப்ரெடரிக் சாலி ஃப்ளட். எழுபதைத் தாண்டியவர். சின்ன ஊர். தினமும் அதே கடத்தல் வழக்கு, அதே அடிதடி வழக்கு. திடீரென்று பத்து பேர் மாயமான கப்பலொன்று வாசலுக்கே வந்து நிற்கிறது. மனிதர் விடுவாரா? பார்த்த மாத்திரத்தில் கொலை என்று முடிவுகட்டிவிட்டார். பாக்கி இருந்தது கொலைகாரன், சாட்சி, ஆதாரம் மூன்றும்தான்.

கேப்டனின் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய வாள் இருந்தது. பிரிக்ஸ் எங்கோ ஆசைக்கு வாங்கி வைத்திருந்த அலங்காரச் சாமான். உறையிலிருந்து உருவினார்கள். பட்டையில் செம்பழுப்புக் கறை. “ரத்தம்!” என்றார் ஃப்ளட். கப்பலின் மேல்விளிம்பில் ஒரு வெட்டு, பக்கத்தில் கறை. “கோடரி! ரத்தம்!” முன்பக்கத்து மரத்தில் இரண்டு புறமும் சிராய்ப்பு. “வேண்டுமென்றே கீறியிருக்கிறார்கள்!” கறைகளைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு ரத்தம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். வாளில் இருந்தது துரு. ஃப்ளட் அந்த அறிக்கையை என்ன செய்தார்? மடித்து வைத்துக்கொண்டார். பல வருஷங்களுக்கு அதன் நகலை வெளியே விடவில்லை. முன்பக்கச் சிராய்ப்பைப் பார்த்த அமெரிக்கக் கடற்படை கேப்டன் ஷூஃபெல்ட், இது மரம் வளைத்தபோது தானே பிளந்த சிம்பு, இதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஃப்ளட் அசரவில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட உட்கார்ந்தவரிடம் தலையில் முடி இல்லை என்று சொல்லிப் பயனில்லை.

அவருடைய முதல் தியரி: மாலுமிகள் சரக்கைக் குடித்துவிட்டு வெறியில் கேப்டன் குடும்பத்தைக் கொன்றார்கள். இதில் ஒரே ஓட்டை, அது குடிக்க முடியாதபடி கலப்படம் செய்யப்பட்ட தொழிற்சாலைச் சாராயம். குடித்தால் போதை ஏறுவதற்குள் ஆளுக்கே சங்கு ஊதியிருப்பார்கள். அடுத்த தியரி: கண்டுபிடித்தவர்களே கொன்றவர்கள். மேரி செலஸ்ட் போய் எட்டு நாள் கழித்துத்தான் மோர்ஹவுஸ் நியூயார்க்கை விட்டே கிளம்பினார் என்பது ஒரு சின்ன இடைஞ்சல். இன்னொரு தியரி: இரண்டு கேப்டன்களும் கூட்டு. பங்குப் பணத்துக்காகப் பிரிக்ஸ் தன் சொந்தப் பங்கும் இருந்த கப்பலை விட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு நடுக்கடலில் சின்னப் படகில் இறங்கினாராம். ஏழு வயதுப் பையனைப் பாட்டி வீட்டில் அனாதையாக விட்டுவிட்டு. கப்பலின் முக்கிய உரிமையாளர் வின்செஸ்டர் அமெரிக்காவிலிருந்து சொத்தை மீட்க வந்தார். ஃப்ளட் கண்ணில் கண்டவரையெல்லாம் சந்தேகிப்பதைப் பார்த்து, எங்கே தன்னையும் உள்ளே தள்ளிவிடுவாரோ என்று ஊருக்கே திரும்பிவிட்டார். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். கவிழாத கப்பலுக்காக அந்த மனிதர் இரண்டு கன்னத்திலும் கை வைத்தார்.

1873 ஏப்ரலில் தீர்ப்பு. குற்றம் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. மீட்டவர்களுக்கு 1,700 பவுண்டு. கப்பலும் சரக்கும் சேர்ந்த மதிப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. சந்தேகத்தின் நிழல் விழாதிருந்தால் இன்னும் நிறையக் கிடைத்திருக்கும் என்பது கடல் தொழிலில் இருந்தவர்களின் கணக்கு. சட்டம் அவர்களை விடுதலை செய்தது, மானம் மட்டும் கப்பலேறியது.

சரி, உண்மையில் என்னதான் நடந்திருக்கும்? கிடைத்த தடயத்தை வைத்துப் பார்த்தால் சப்பென்ற பதில்கள்தான் வருகின்றன. ஜெனோவாவில் சரக்கை இறக்கியபோது ஒன்பது பீப்பாய்கள் காலி. அவை சிவப்பு ஓக் மரத்தில் செய்தவை. வெள்ளை ஓக்கைவிட அதில் கசிவு அதிகம். மூடிய அடித்தளத்தில் சாராய ஆவி சேர்ந்து, ‘குப்’பென்று ஒரு சத்தமோ நெருப்போ வந்திருக்கலாம். வெடிக்கப்போகிறது என்று பிரிக்ஸ் எல்லோரையும் படகில் இறக்கி, ஒரு நீளக் கயிற்றால் படகைக் கப்பலோடு கட்டி, கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்ப்போம் என்று நினைத்திருக்கலாம். கப்பலின் பக்கவாட்டில் அறுந்த கயிறு ஒன்று தொங்கியதும் உண்மை. காற்று எழும்பியது, பாய் விரிந்திருந்தது, கயிறு அறுந்தது. அப்புறம் துடுப்புப் போட்டு எந்தக் கப்பலைப் பிடிப்பது? 2006-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் வேதியியலாளர் ஆண்ட்ரியா செல்லா, அடித்தளத்தின் மாதிரி ஒன்றைக் கட்டி, காகிதக் கட்டிகளைப் பீப்பாய்களாக அடுக்கி, வாயுவை நிரப்பிப் பற்றவைத்தார். பெரிய நெருப்பு அலை போனது. காகிதம் கருகக்கூட இல்லை. அதாவது வயிற்றைக் கலக்கும் வெடிப்பு வந்தாலும் தடயம் இல்லாமல் போகலாம்.

இன்னொரு ஊகம், பம்ப். முந்தைய பயணத்தில் கப்பல் நிலக்கரி ஏற்றியிருந்தது. அந்தத் தூள் பம்பை அடைத்திருக்கலாம். பம்ப் வேலை செய்யாதபோது, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேப்டனால் நம்பிச் சொல்ல முடியாது. கடிகாரக் கருவியும் தப்பாகக் காட்டியிருந்தால், இருக்குமிடமும் சந்தேகம். கண்ணெதிரே தீவு தெரிகிறபோது, கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று நம்பிய ஒரு தகப்பன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படகில் இறங்கியதில் என்ன மர்மம்?

ஆனால் கசிவு, அடைப்பு, கயிறு என்று சொன்னால் பத்திரிகை விற்குமா? அடுத்த துண்டு 1884 ஜனவரியில் விழுந்தது. லண்டனின் ‘கார்ன்ஹில்’ பத்திரிகையில் பெயர் போடாமல் ஒரு கதை. தப்பிப் பிழைத்த பயணி ஒருவர் எல்லாவற்றையும் விவரிக்கிறார். வெள்ளையரைப் பழிவாங்கத் துடிக்கும் ஒருவன்தான் எல்லாவற்றுக்கும் காரணமாம். கப்பல் பெயர் ‘மேரி’ என்பது ‘மாரி’ என்று மாறியிருந்தது. படகுகள்கூடக் காணாமல் போகவில்லை, கப்பலிலேயே தொங்கின. எழுதியவர் சவுத்ஸீ என்ற ஊரில் பேஷண்ட் வராமல் கிளினிக் நடத்திக்கொண்டிருந்த இளம் டாக்டர், ஆர்தர் கோனன் டாயில். ஷெர்லாக் ஹோம்ஸ் அப்போது பிறக்கவில்லை. பிறந்திருந்தால் தன் அப்பாவின் இந்தக் கதையை முதல் பக்கத்திலேயே பிடித்திருப்பார்.

கதையைக் கதை என்று நம்பாமல் வாக்குமூலம் என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். ஜிப்ரால்டரில் ஒருவருக்கு மட்டும் கோபம் தாங்கவில்லை. இது முழுக்க முழுக்கக் கற்பனை, ஆதாரமே இல்லை என்று அறிக்கை விட்டார். யார்? நம் ஃப்ளட்தான். துருவை ரத்தம் என்று சொன்னவருக்குத்தான், ஆதாரம் இல்லாமல் பேசுகிறவர்களைக் கண்டால் எவ்வளவு எரிச்சல்! தொழில் போட்டி என்றால் அப்படித்தான். ‘மாரி செலஸ்ட்’ என்ற தப்புப் பெயர்தான் உலகம் முழுக்க நிலைத்தது. பிற்பாடு எழுதியவர்கள் இன்னும் தாராளம். மேஜையில் பாதி சாப்பிட்ட பலகாரம், ஆவி பறக்கும் தேநீர் என்று சேர்த்தார்கள். டெவோவின் சாட்சியத்தில் தேநீரும் இல்லை, பலகாரமும் இல்லை. ஒன்பது நாள் ஆறாத தேநீரைப் போடத் தெரிந்த சமையல்காரர் கிடைத்தால் எந்த ஹோட்டல்காரரும் வேலைக்கு எடுத்துக்கொள்வார்.

1904-ல் ‘சேம்பர்ஸ் ஜர்னல்’ ராட்சத ஆக்டோபஸ் ஒன்றை இறக்கியது. அது பத்து பேரையும் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு போனதாம். படகையும் கப்பலின் காகிதங்களையும் அது எதற்கு எடுத்துப் போயிற்று என்பதற்கு விளக்கம் இல்லை. எட்டுக் கை இருக்கிறதே, சும்மா விடுவானேன் என்று நினைத்ததோ என்னவோ.

என் ஓட்டு 1913-க்குத்தான். ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் ஹோவர்ட் லின்ஃபோர்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர், தன்னிடம் வேலை பார்த்துக் காலமான ஏபெல் ஃபாஸ்டிக் என்பவர் விட்டுப்போன காகிதங்கள் என்று ஒன்றை வெளியிட்டார். அதன்படி, கேப்டன் தன் மகள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க முன்பக்கத்தில் ஒரு மேடை கட்டச் சொன்னார். பிறகு சட்டை பேன்ட்டோடு மனிதன் எவ்வளவு நன்றாக நீந்த முடியும் என்று ஒரு விவாதம். வாயால் சொன்னால் போதாது என்று கேப்டனே உடுப்போடு கடலில் குதித்தார். ஆட்களும் குதித்தார்கள். சுறா வந்தது. என்ன ஆச்சு என்று பார்க்க மற்றவர்கள் எல்லோரும் மேடைக்கு ஓட, மேடை இடிந்து அத்தனை பேரும் கடலுக்குள். ஃபாஸ்டிக் மட்டும் உடைந்த மேடைப் பலகையில் மிதந்து ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தார். கதையில் மாலுமிகளின் தேசமும் தப்பு, கப்பலின் அளவும் தப்பு. மேரி செலஸ்ட் 282 டன், ஃபாஸ்டிக்கோ அதை இரண்டு மடங்குக்கு மேல் கொழுக்கவைத்திருந்தார். இருந்தாலும் தலைமையாசிரியர் ஒருவர் பத்து பேர் செத்ததற்குக் காரணம் தேடினால், அனுமதி இல்லாமல் தண்ணீரில் இறங்கினார்கள் என்பதைத் தவிர வேறு எதைக் கண்டுபிடிப்பார்?

அவரவர் சரக்கை அவரவர் ஏற்றினார்கள். வக்கீல் கொலையை ஏற்றினார், பேஷண்ட் இல்லாத டாக்டர் பழிவாங்கலை ஏற்றினார், வாத்தியார் ஒழுங்கீனத்தை ஏற்றினார்.

ஆளில்லாமல் மிதந்த கப்பல் ஊர் உலகத்தில் இது ஒன்றுதானா என்றால், இல்லை. அந்தக் காலத்தில் மரக் கப்பல்களைக் கைவிட்டுப் போவதும் அவை மாதக்கணக்கில் சுற்றுவதும் சாதாரணம். 1855-ல் கனடாவின் வடகோடிக் கடலில், ஜேம்ஸ் பட்டிங்டன் என்ற அமெரிக்கத் திமிங்கில வேட்டைக்காரர் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலையே ஆளில்லாமல் கண்டுபிடித்தார். பெயர் ‘ரெசொல்யூட்’. வடதுருவக் கடலில் காணாமல் போன ஃபிராங்க்ளின் என்பவரின் ஆய்வுக் குழுவைத் தேடப் போய், பனியில் மாட்டி, தளபதி எட்வர்ட் பெல்ச்சர் உத்தரவால் முந்தைய ஆண்டு கைவிடப்பட்டது. தேடப்போன பெல்ச்சர் ஃபிராங்க்ளினைக் கண்டுபிடிக்கவில்லை, போதாக்குறைக்கு ஐந்து கப்பலில் நாலைத் தொலைத்துவிட்டு வந்தார். ரெசொல்யூட்டோ அவரை நம்பாமல் தானே ஏறக்குறைய 1,200 மைல் மிதந்து வெளியே வந்துவிட்டது. பட்டிங்டனை யாரும் கொலைகாரன் என்று சொல்லவில்லை. பிரிட்டன் உரிமையை விட்டுக்கொடுத்தது, அமெரிக்க நாடாளுமன்றம் 40,000 டாலர் கொடுத்துக் கப்பலை வாங்கி, மெருகேற்றி, விக்டோரியா ராணிக்கே பரிசாகத் திருப்பி அனுப்பியது. பின்னால் அதன் மரத்தில் செய்த மேஜை 1880-ல் அமெரிக்க ஜனாதிபதிக்குப் பதில் பரிசாக வந்தது. ரெசொல்யூட்டில் பேய் குடியேறவில்லை. காரணம் எளிது. யார் விட்டுப் போனார்கள், ஏன் போனார்கள், யாரைத் திட்டவேண்டும் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். துண்டு போட இடமே இல்லை.

மேரி செலஸ்ட்டுக்குச் சாவும் நல்லபடி அமையவில்லை. கை மாறி மாறிக் கடைசியில் கில்மன் பார்க்கர் என்ற கேப்டனிடம் வந்தது. அவர் ஒருவர்தான் இந்தக் கப்பலை வெறும் சாமானாகப் பார்த்தவர். பழைய குப்பையை ஏற்றி, 30,000 டாலர் சரக்கு என்று இன்ஷூர் செய்து, 1885 ஜனவரி 3-ம் தேதி ஹைட்டிக்குப் பக்கத்தில் இருந்த ரோஷலோவா பாறைத்திட்டில் நல்ல வெளிச்சத்தில், தெரிந்தே ஏற்றினார். சதி அம்பலமாகி பாஸ்டனில் வழக்கு நடந்தது. ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பார்க்கர் தப்பினார், ஆனால் சில மாதங்களில் வறுமையில் செத்துப்போனார். பத்து பேர் காணாமல் போனதற்கு இல்லாத குற்றவாளிகளைத் தேடிய உலகம், கண்ணெதிரே குற்றம் செய்த ஒருவர் கிடைத்தும் விட்டுவிட்டது.

கப்பல் பாறையில் சிதைந்த பிறகாவது நிம்மதியாக இருந்ததா? 2001-ல் சாகச நாவலாசிரியர் கிளைவ் கஸ்லரின் குழு அதே திட்டில் சிதிலங்களைக் கண்டுபிடித்து, இதுதான் மேரி செலஸ்ட் என்று அறிவித்தது. மரத்துண்டுகளை ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள். மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்த விஞ்ஞானிகள், மேரி செலஸ்ட் உடைந்து பத்து வருஷத்துக்குப் பிறகும் இந்த மரங்கள் காட்டில் இலை விட்டுக்கொண்டிருந்தன என்று சொல்லிவிட்டார்கள். வெட்டாத மரத்தில் செய்த கப்பலை விபத்துக்குள்ளாக்க கில்மன் பார்க்கராலும் முடியாது.